பூவாக வெட்டிய ஃபிலிம்

என் வீட்டுக்காரர் சீலிங்குக்குப் பெயின்ட் அடிப்பவர். இருபத்திரண்டு வருடம் அண்ணாந்தே வாழ்ந்ததில் கழுத்தெலும்பு நகர்ந்து நரம்பை அழுத்த, வலது கை விரல்கள் மரத்துப்போயின. பிரஷ் நழுவும். டீ கிளாஸ் நழுவும். "ஒண்ணுமில்ல, தூக்கம் சரியில்ல" என்றே ஒரு வருடத்தை ஓட்டினார். இந்த மனுஷனோடு மாரடித்தே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

ஒருவழியாக ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். எலும்பில் இரண்டு பக்கமும் திருகாணி போட்டு நிறுத்த வேண்டுமாம். முந்தின நாள் டாக்டரம்மா கேட்டார்: "முன்னாடி எப்பவாவது கழுத்துக்கு ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?"

"இல்லையே," என்றார் இவர், கூசாமல்.

"ஏங்க, ஏணியிலேருந்து விழுந்தப்ப எடுத்தாங்களே! அந்த ஃபிலிம் எங்க?"

இவர் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு ஓடிப் பெயின்ட் பெட்டியைக் கொட்டினேன். இருந்தது. சுவரில் பூ அச்சுப் போடுவதற்காக அதை வெட்டி வைத்திருந்தார் புண்ணியவான்! கழுத்து இருந்த இடமெல்லாம் இதழ் இதழாக ஓட்டை, ஓரமெல்லாம் நீலப் பெயின்ட்.

"கெட்டியா இருக்கும், தண்ணி பட்டாலும் ஊறாது," என்று, நான் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டியதும், டாக்டரம்மாவிடம் இவர் விளக்கம் வேறு.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இரண்டு இதழ்களுக்கு நடுவே மிஞ்சியிருந்த துண்டை விளக்கில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய் பொதுவா எலும்போட ஓரமா போகும். இவருக்கு இடது பக்கம் உள்ள வளைஞ்சு, நான் திருகாணி போடற இடத்துலயே போற மாதிரி இருக்கு. இந்தப் பழசுல குழாய் தெரியறதுக்கு மருந்து ஏத்தி எடுத்திருக்காங்க, இப்ப எடுத்த ஸ்கேன்ல ஏத்தல. ஏத்தி மறுபடி எடுக்கணும். நாளைக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"தெரியாம போட்டிருந்தா?" என்றேன்.

"குழாய் கிழிஞ்சிருக்கும். உயிருக்கே ஆபத்தாயிருக்கும்."

இவர் பக்கம் திரும்பினேன். "வாயத் தொறந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று ஆஸ்பத்திரி என்றும் பாராமல் கத்தினேன்.

"மறந்துட்டேன்மா."

மறந்துட்டாராம்!

புது ஸ்கேனும் அதையே சொன்னது. நான்கு நாள் கழித்து, இடது பக்கம் மட்டும் குழாயில் படாதபடி குட்டைத் திருகாணியாகப் போட்டு முடித்தார்கள். மறுநாள் காலை, கழுத்துப் பட்டையோடு படுத்திருந்தவரிடம் புது ஃபிலிமைக் காட்டினேன். வலது கையை நீட்டி, ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது அதவிடக் கெட்டி."

திட்ட வாயெடுத்தேன். ஃபிலிமை வெடுக்கென்று இழுத்தேன். வரவில்லை. அந்த விரல்கள் விடவில்லை.