எதிர்க்கரையில் நின்ற அப்பா

நான் அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சியாளன் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் ஒரு கணம் முழிப்பார்கள். தலைக்கவசமும் தோள்கவசமும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக ஆளை ஆள் முட்டித் தள்ளும் விளையாட்டு என்று விளக்கினால், உனக்கு வேறு வேலை இல்லையா என்பார்கள். அப்பாவும் அப்படித்தான். ஒஸ்லோவில் பகலில் பஸ் ஓட்டினேன். பின்னேரங்களில் ஒரு சிறிய கழகத்தின் தடுப்பாட்டக்காரரைப் பழக்கினேன். ஒன்பது வருடத்தில் அவர் ஒரு ஆட்டம்கூடப் பார்க்க வரவில்லை.

அந்த வருடம் பாதிப் பருவத்தில் எங்கள் அமெரிக்கத் தலைமைப் பயிற்சியாளர் ஊருக்குப் போய்விட, பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நிர்வாகக் குழு ஒளிவுமறைவில்லாமல் சொன்னது: கடைசி ஆட்டத்தில் வென்று அணி மேல்பிரிவில் தங்கினால் வேலை எனக்கு, தோற்றால் அமெரிக்காவிலிருந்து வேறு ஆள். இதை வீட்டில் சொல்லி வைத்தேன். ஏன் சொன்னேனோ.

பந்து ஒவ்வொரு முறை கிளம்புவதற்கு முன்பும், எங்கள் ஆட்கள் எந்தப் பக்கத்தால் பாய வேண்டும் என்று நான் மைதானக் கரையில் நின்று கத்த வேண்டும். நோர்வேஜிய மொழியில் கத்தினால் எதிரணிக்கும் விளங்கிவிடும். அதனால் 'இடது', 'வலது' என்று தமிழிலேயே பழக்கியிருந்தேன். எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் ஒரு தமிழராவது இருக்கும் நகரத்தில் இதை ரகசியம் என்று நம்பினேன் பாருங்கள், அதுதான் என் கெட்டித்தனம்.

மூன்றாம் கால்பகுதி வரை முன்னிலையில் இருந்தோம். பிறகு எல்லாம் பிழையாகப் போகத் தொடங்கியது. நான் இடது என்றால் அவர்கள் வலதால் ஓடினார்கள். வலது என்றால் இடதால். ஒரு தரம் என்றால் தற்செயல். நான்கு தரம் நடந்தது. முன்னிலை மூன்று புள்ளியாகச் சுருங்கியது.

எதிர்க்கரையைப் பார்த்தேன். எதிரணியின் உதவிப் பயிற்சியாளருக்குப் பக்கத்தில், நீல மழைச்சட்டையோடு அப்பா. பஸ் நிறுத்தம் அந்தப் பக்கம் இருந்தது. வந்த வழியிலேயே நின்றுவிட்டார். எந்தக் கரை யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் கத்தும்போதெல்லாம் அந்த மனிதர் குனிந்து எதையோ கேட்டார். அப்பா சிரித்த முகத்தோடு பதில் சொன்னார். இருபது வருடம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தவர் அவர். ஒரு நோர்வேஜியர் தன்னிடம் தமிழைப் பற்றி விசாரிப்பது அவருக்குச் சின்ன விஷயமில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆளனுப்பி அவரை இந்தப் பக்கம் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஆட்டத்தை நிறுத்தக் கேட்கும் உரிமை ஒன்று மிச்சமிருந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஆட்டக்காரரைச் சுற்றி நிறுத்தி, இனி இடது என்றால் வலது, வலது என்றால் இடது என்று சொன்னேன்.

இரண்டு நிமிடமே இருந்தது. எதிரணி எங்கள் எல்லைக்கோட்டை நெருங்கியிருந்தது. "இடது" என்று அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும்படி கத்தினேன். அவர் சொல்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிரணி வலதால் வந்தது. எங்கள் ஆட்கள் அங்கே காத்திருந்து அமுக்கினார்கள். அடுத்த முறையும் அதே. மூன்றாம் முறை பந்தே எங்கள் கைக்கு வந்துவிட்டது.

வென்றோம். என்னைத் தோளில் தூக்கினார்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோது, அந்த மனிதர் அப்பாவின் முகத்துக்கு நேரே விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கிப் போவதற்குள் அந்த மனிதர் போய்விட்டார், அப்பா மட்டும் தனியே நின்றார்.

வீட்டுக்கு, ட்வெய்ட்டாவுக்குப் போகும் ரயிலில் அப்பா என் பக்கத்தில் இருந்தார். மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, 'வென்ஸ்த்ர' எண்டால் இடதுதானே?"

"ஓம்."

"அந்த மனுசன் என்னைப் பொய்யன் எண்டு எல்லாருக்கும் முன்னாலை ஏசிப்போட்டான். நான்தான் மாறிச் சொல்லிப்போட்டன் போலை. இத்தனை வருசம் இருந்தும் இந்த நோர்ஸ்க் பாஷை எனக்குச் சரிவரேல்லை."

இல்லை, நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நான் செய்ததையும் சொல்ல வேண்டும். வெட்கம் என்னைத் தின்றது. "பரவாயில்லை அப்பா, வெண்டிட்டம்தானே" என்றேன்.

வேலை எனக்கே கிடைத்தது. ஆறு பருவங்கள் தலைமைப் பயிற்சியாளனாக இருந்தேன். அப்பா பிறகு மைதானத்துக்கு வரவேயில்லை. முன்பெல்லாம் தனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வேஜிய மொழியில் கடைக்காரரோடு கூச்சமில்லாமல் கதைப்பவர், அதன் பிறகு வாயைத் திறக்குமுன் திரும்பி என் முகத்தைப் பார்ப்பார். அவருக்காக நானே கதைத்துவிடுவேன்.