இரட்டைப் புரோசசரும் ஒரு கோயில் மலரும்

முத்துக்குமாருவின் வீட்டுக்குள் கடையிலிருந்து நேராக வந்து சேர்ந்த பொருள் என்று ஒன்றைக் காட்டுவது கடினம். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் அவர் அமர்கின்ற சுழல் நாற்காலி பொதுப்பணித் துறையில் உழைத்து ஓய்ந்தது. சுவர்க் கடிகாரம் ஏதோ ஓர் இரயில் நிலையத்தில் தொங்கியது. இரும்பு அலமாரியின் கதவில் நில அலுவலகத்தின் பெயர் இன்னும் அழியாமல் இருந்தது. அலுவலகங்கள் கழித்துவிடும் சாமான்களை ஏலம் போடுவதை இந்த ஊரில் எல்லா இனத்தாரும் லெலோங் என்பார்கள். தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற முத்துக்குமாருவுக்கு லெலோங் சிக்கனம் சார்ந்த விஷயமன்று. அது அவருடைய கொள்கை.

"கடைச் சாமான் விக்கிறதுக்கெண்டு செய்யிறது. கந்தோர்ச் சாமான் உழைக்கிறதுக்கெண்டு செய்யிறது" என்பார். அலுவலகம் அவர் வாயில் எப்போதும் கந்தோர்தான்.

"அப்ப என்னை எந்தக் கந்தோரில கழிச்சவை?" என்று அவருடைய மனைவி பூமணி அடுப்படியிலிருந்து கேட்பாள்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் பங்சாரில் இருந்த ஒரு நிதி நிறுவனம் மூடப்பட்டது. அதில் அறிக்கைகளையும் துண்டுப் பிரசுரங்களையும் கணினியில் பக்கம் கட்டிக்கொண்டிருந்தவள் அவருடைய மகள் குணபூசணி. திருமணம் செய்துகொள்ளாதவள், நாற்பதை நெருங்கியவள். வேலை போனபின் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய கணினியை வைத்துக்கொண்டு தமிழ் அச்சுக்கோப்பில் இறங்கினாள். கல்யாணப் பத்திரிகைகளும் நினைவஞ்சலி அறிவிப்புகளுமாகத் தொடங்கிய தொழிலில், கிள்ளானில் ஒரு முருகன் கோயிலின் கும்பாபிஷேக மலர் அவள் கைக்கு வந்தது. மலர்க் குழுச் செயலாளர் ரெங்கசாமி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: இது நேரத்துக்கு வந்தால் சுற்று வட்டாரக் கோயில்களின் வேலையெல்லாம் அவளுக்கு; தவறினால் கிள்ளானிலேயே இருக்கும் விஜயன் அச்சகத்துக்கு. அப்படித் தவறினால் கிள்ளானை அடுத்த மேருவில் ஏதேனும் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போய்விடுவதென்று அவள் தீர்மானித்திருந்தாள்.

மலர் பாதி வளர்ந்திருந்தபோது பழைய கணினி கருகிய வாடையுடன் நின்றுபோனது. பக்கங்கள் வட்டுகளில் பத்திரமாக இருந்தன. உடனே வேறொரு கணினி வேண்டும்.

இம்பி சாலையில் ஒரு கடையில் புதிய டெஸ்க்டாப் ஒன்றைக் குணபூசணி பார்த்துவிட்டு வந்திருந்தாள். பென்டியம் டூ புரோசசர் பொருத்திய, மேசைமேல் வைக்கும் சாதாரணப் பெட்டி. அதே வாரம் முத்துக்குமாரு லெலோங் விளம்பரத்தில் வேறொன்றைக் கண்டார். மூடப்பட்ட அந்த நிதி நிறுவனத்தின் சர்வர். கணினிகளுக்கெல்லாம் தலைமைக் கணினி. உள்ளே பென்டியம் புரோ என்ற புரோசசர், ஒன்றல்ல, இரண்டு.

அந்த நிறுவனத்தில் கணினிகளைப் பராமரித்து, அவளோடு சேர்ந்து வேலையிழந்து, இப்போது மேருவில் வேலை செய்யும் பக்கிரிசாமி அன்று வீட்டுக்கு வந்திருந்தான். தோசையைப் பிய்த்தபடியே பேச்சில் கலந்துகொண்டான்.

"அங்கிள், அந்த பென்டியம் புரோ பழசு லா. ரெண்டு மூணு வருஷத்துக்கு முந்தி வந்தது."

"வந்த நேரம் என்ன விலை, தம்பி?"

"அப்பவா? நம்ம மாதிரி ஆளு கிட்டவே போக முடியாது. கம்பெனிதான் வாங்கும்."

"பிறகென்ன?" என்றார் முத்துக்குமாரு. அவரைப் பொறுத்தவரை விவாதம் அத்துடன் முடிந்தது.

"அப்பா, எனக்கு அந்தச் சின்னது போதும்" என்றாள் குணபூசணி. "என்ர தமிழ்ப் புரோகிராம் அதில ஓடுறதைக் கடையில பார்த்தனான்."

"கடையில எல்லாம் ஓடும், பிள்ளை. அதில மூளை ஒண்டு, இதில ரெண்டு. ஒரு கொம்பனியின்ர முழுக் கணக்கையும் தூக்கினது உன்ர மலரைத் தூக்காதோ?"

அவள் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. மகளின் அடக்கத்தை எண்ணி முத்துக்குமாரு உள்ளூர மகிழ்ந்தார்.

சர்வர் லோரியில் வந்தது. இரண்டு ஆட்கள் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். "இது கொம்பியூட்டரோ, ஐஸ்பெட்டியோ?" என்று பூமணி வழிவிட்டு நின்றாள். பக்கவாட்டில் பழைய நிறுவனத்தின் பெயர் ஒட்டப்பட்டிருந்தது. குணபூசணி அதை விரலால் தடவினாள்.

"இது இருந்த அறைக்குள்ள எங்களை விடமாட்டினம்" என்றாள்.

"இப்ப உன்ர வீட்டுக்குள்ளயே வந்திட்டுது" என்றார் அவர், பெருமையாக.

மின்சாரம் கொடுத்ததும் உள்ளிருந்த விசிறிகள் ஒன்றாக உறுமின. முத்துக்குமாரு ஓரடி பின்வாங்கிவிட்டார். உறுமலையும் பலத்தின் அடையாளமாகவே எடுத்துக்கொள்ள முடிந்தது. அதன் பிறகு நடந்ததைத்தான் எதன் அடையாளமாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை. குணபூசணி மலரின் முதல் பக்கத்தைத் திறந்தாள். திரையில் இராஜகோபுரத்தின் படம் மேலிருந்து கீழாக, சுருட்டிய பாயை யாரோ மனமில்லாமல் விரிப்பதுபோல, தவணை தவணையாக இறங்கியது. கலசம் தெரிந்தது. காத்திருந்தார்கள். பொம்மைகள் தெரிந்தன. வாசல் தெரிவதற்குள் பூமணி அடுப்படிக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டாள்.

"செத்துப்போனதே இதைவிடக் கெதியா ஓடினது" என்றாள் பூமணி.

"புது இடம். கொஞ்சம் பழகட்டும்."

"மருமகளோ, பழகிறதுக்கு?"

முத்துக்குமாரு சிரிக்க முயன்றார்; முடியவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் சர்வர் பழகவில்லை. ஓர் எழுத்தைத் திருத்தினால் வரி நகர்வதற்குக் குணபூசணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, ஒரு நிறுவனத்தையே தாங்கிய பொருள் ஒரு பக்கத்தைத் தாங்காதது எப்படி என்று அவர் திகைத்துப்போய் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கிரிசாமி வந்து மூடியைக் கழற்றினான்.

"அங்கிள், நாம போட்டிருக்கிறது விண்டோஸ் 95. அதுக்கு ஒரு புரோசசர்தான் கண்ணுக்குத் தெரியும்."

"மற்றது?"

"சும்மா உக்காந்திருக்கு."

"சும்மாவோ?"

"சும்மாதான். கரண்டு மட்டும் சாப்பிடும்."

வேலை செய்யாமல் சம்பளம் வாங்கிய எழுத்தர்களை முத்துக்குமாரு நிறையப் பார்த்தவர். அத்தகைய ஒருவரைத் தாமே தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவோம் என்று எண்ணியதில்லை.

"அப்ப வேலை செய்யிற மற்றவருக்கு என்ன கேடு?"

"நம்ம தமிழ்ப் புரோகிராம் பழைய பாணியில எழுதினது. இந்தப் புரோசசரைப் புது பாணிப் புரோகிராமுக்குன்னே செஞ்சிருக்கான். பழையதக் கொடுத்தா தடுக்கித் தடுக்கித்தான் நடக்கும். கடையில இருக்கிற பென்டியம் டூவில அதச் சரி பண்ணிட்டான். அப்புறம், சர்வர் முன்னால எவன் உக்காந்து படம் பாக்கப் போறான்னு சொல்லி, திரைக்கான கார்டையும் கஞ்சத்தனமா வெச்சிருக்கான்."

பழைய கணினிக்குப் பழைய புரோகிராம் ஒவ்வாது. புதிய கணினியோ அதைச் சுமந்துகொண்டு ஓடும். இந்தச் செய்தியை அவர் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தும் அதில் ஒரு நியாயம் தென்படவில்லை.

"விண்டோஸ்லயே என்.டி.ன்னு ஒண்ணு இருக்கு, போட்டுப் பாப்போம்" என்றான் பக்கிரிசாமி. "அது ரெண்டு புரோசசரையும் வேலை வாங்கும்."

அன்று பகல் முழுவதும் அந்த வேலை நடந்தது. மாலையில் திரையில் இரண்டு பச்சைக் கட்டங்கள் அருகருகே துடித்தன. இரண்டு புரோசசர்களும் விழித்துவிட்டன. முத்துக்குமாரு பூமணியை அழைத்துக் காட்டினார். ஆனால் குணபூசணி தமிழ்ப் புரோகிராமைத் திறந்தபோது அது திறக்க மறுத்தது. களவாகப் பயன்படுத்துவதைத் தடுக்க அந்தப் புரோகிராமுக்கு ஒரு பூட்டு உண்டு; அச்சுப்பொறி செருகும் இடத்தில் மாட்டிவிடும் சின்னஞ்சிறு கட்டை. அதைத் தொட என்.டி. அனுமதிக்கவில்லை.

பக்கிரிசாமியின் முகம் சுண்டிப்போனது. "நானும் இத நெனைக்கல அங்கிள். எம்மேலயும் தப்பிருக்கு."

ஒரு பக்கம் இரண்டு மூளையும் விழித்திருக்க, செய்ய வேலையில்லை. மறு பக்கம் வேலை இருக்க, ஒரு மூளை தூங்குகிறது. முத்துக்குமாரு சுழல் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

அந்நேரம் தொலைபேசி அடித்தது. ரெங்கசாமியின் குரல் கூடம்வரை கேட்டது. "தங்கச்சி, வெள்ளிக்கிழமைக்குள்ள பக்கமெல்லாம் கைக்கு வரணும்மா. விஜயன்கிட்ட கொடுத்திடுவோம்னு கமிட்டி ஒத்தக் கால்ல நிக்குது. நான் எவ்வளவு நேரம் தாங்கிப் புடிக்கிறது?"

"சரி அங்கிள்" என்றாள் குணபூசணி. பக்கிரிசாமி பழையபடி விண்டோஸ் 95-ஐப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் முத்துக்குமாரு எழுந்து வந்தபோது மகள் சர்வர் முன்னால் இல்லை. தன்னுடைய அலுவலகச் சேலை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க போறாய், பிள்ளை?"

"இண்டைக்கு இல்லை. அடுத்த கிழமை மேருவில ஒரு இன்டர்வியூ. பக்கிரிசாமி சொன்னவர்."

குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுவே அவரை உலுக்கியது. சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று கேட்ட பூமணிக்கும் சொல்லாமல், அவர் இம்பி சாலைக்குப் பேருந்து ஏறினார்.

தம் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு புதிய இயந்திரத்தை வாங்கக் கடைக்குள் நுழைந்தவர், எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தடுமாறினார். சீனக் கடைக்காரர் மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசினார். தமிழ்ப் புரோகிராம் ஓடும் டெஸ்க்டாப் என்று முத்துக்குமாரு சொன்னதுமே, பிரிக்பீல்ட்ஸ் குணாவின் தகப்பனா என்று கேட்டார். ஆமென்றதும் சிரித்துக்கொண்டே மேலும் சொன்னார்: அந்தப் பெண் முன்பே முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் போயிருந்தாள், புரோகிராமைக் கொண்டுவந்து பூட்டை மாட்டி, பக்கங்களைத் திறந்து மூடிச் சோதித்தும் பார்த்திருந்தாள், பிறகு ஒருநாள் வந்து, அப்பா இதைவிடப் பெரியதாக வாங்கிவிட்டார் என்று சொல்லிப் பதிவை நீக்கிவிட்டாள்.

முத்துக்குமாரு அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சின்னது போதும் என்று அன்று அவள் சொன்னது யோசனையல்ல. தேர்ந்து, சோதித்து, முடிவும் செய்துவிட்ட ஒன்றுக்குத் தகப்பனின் ஒரு தலையசைப்பை மட்டும் கேட்டிருக்கிறாள். அதை அடக்கம் என்று எண்ணி மகிழ்ந்தவர் அவர். கடைக்காரர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது அவர் காதில் விழவில்லை.

டாக்சியில் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு திரும்பினார். அதன் எடை அவரைக் கலங்கடித்தது. இவ்வளவுதானா?

குணபூசணி கதவைத் திறந்தாள், பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஆரைக் கேட்டு வாங்கினனீங்கள்?"

"கடைக்காரனைக் கேட்டன்."

"என்ன சொன்னவன்?"

"எல்லாம் சொன்னவன்."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இணைப்புகளைக் கொடுத்து, புரோகிராமை ஏற்றி, பூட்டை மாட்டி, முதல் பக்கத்தைத் திறந்தாள். முத்துக்குமாரு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வதற்குள் கோபுரம் கலசம் முதல் வாசல் வரை திரையில் நின்றது.

"இன்னொருக்கால் திற."

திறந்தாள்.

"இன்னொருக்கால்."

"அப்பா, நான் மலர் முடிக்கவேணும். தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார். பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. இந்த வேகத்தை இத்தனை நாள் நான்தான் பிடித்து வைத்திருந்தேனா என்ற எண்ணம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பக்கிரிசாமி மோட்டார்சைக்கிளில் வட்டுகளைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனான். பிற்பகலில் ரெங்கசாமி அழைத்தார். "பிரமாதம்மா, கமிட்டி வாயடைச்சுப் போச்சு. பத்துமலைப் பக்கம் ஒரு கோயில்ல தேருக்கு மலர் போடுறாங்க. உன் பேரச் சொல்லியிருக்கேன். அப்பாவக் கேட்டுட்டுச் சொல்றியா?"

"கேக்கத் தேவையில்ல அங்கிள். அனுப்புங்க."

முத்துக்குமாரு பக்கத்தில்தான் நின்றார். கோபம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். அது வரவில்லை. வராதது அவரைத் தூக்கிவாரிப்போட்டது.

பூமணி எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறியள்?"

"ஒண்டுமில்லை. பிள்ளைக்குத் தேத்தண்ணி போடு" என்றவர், ஒரு கணம் யோசித்துவிட்டு மகளிடம் திரும்பினார். "குடிக்கிறியோ?"