கிட்டங்கியில் கிடந்த கார்

பீர் மைதீனுக்குக் கோபம் வந்தால் முதலில் கையிலிருக்கும் ஸ்பேனரைக் கீழே வைப்பார். ராஜபாளையம் தென்காசி ரோட்டில் உள்ள அவர் பட்டறைக்கு ஆயில் இஞ்சினும் மோட்டாரும் தூக்கிவரும் சம்சாரிகளுக்கு, அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு, அது தெரியும். ஸ்பேனர் தரையில் விழும் சத்தம் கேட்டால் எதிர்த்த கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

அந்தக் கோபம் பிறந்தது 1990 ஆகஸ்டில். அதற்கு முன் பத்து வருஷத்துக்கும் மேல் குவைத்தில், ஜெர்மன் கார்கள் மட்டும் பார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். ஈராக் பட்டாளம் வந்த வாரத்தில் ஒர்க்‌ஷாப் கூரையோடு எரிந்துபோனது. ஜோர்டான் பாலைவனத்தில் கூடாரத்தில் கிடந்து, வெயிலில் வெந்து, ஒரு ரெக்சின் பையோடு ஊர் வந்து சேர்ந்தார். "உசிரோட வந்தீகளே, அது போதும்" என்றாள் மனைவி ஹாஜரா. அவருக்கு அது போதவில்லை.

எரிந்ததில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. பி.எம்.டபிள்யூ 2002 டர்போ. 2002 என்பது மாடல் பேர், வருஷம் இல்லை. பார்த்தால் பெட்டி மாதிரி இருக்கும், சின்னக் கார்தான். ஆனால் புகைக்குழாய் வழியே வெளியே போகிற சூட்டுக்காற்றைப் பிடித்து, அதைக் கொண்டே ஒரு விசிறியைச் சுற்றவிட்டு, இஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிற வித்தை அதற்குள் இருந்தது. உலகத்துக்கே இரண்டாயிரம் கூடச் செய்யவில்லை. அதற்குள் பெட்ரோல் தட்டுப்பாடு வந்து கம்பெனிக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். ஒர்க்‌ஷாப் முதலாளி அந்தக் காரைக் கழுவவும் துடைக்கவும் மட்டும் பீர் மைதீனை விட்டார். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று வருஷாவருஷம் கேட்டார். வருஷாவருஷம் "பிறகு" என்றார் முதலாளி. பிறகு பட்டாளம் வந்தது.

தொண்ணூற்றாறில் குவைத் நஷ்டஈடு வந்தபோது ஹாஜரா மாடி எடுக்கலாம் என்றாள், மச்சினன் ஜவுளிக்கடை வைக்கலாம் என்றான். பீர் மைதீன் பணத்தை பேங்கில் போட்டுவிட்டு வந்தார். அந்த மாசத்தில்தான் காசிராஜனின் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரியிலிருந்து ஆள் வந்தது, ஜெனரேட்டர் நின்றுவிட்டது என்று.

காசிராஜன் அண்ணாச்சியின் பாக்டரி பாதி மூடிக் கிடந்தது. ஜெனரேட்டர் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்குள், பின்பக்கம் இருந்தது. பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தபோது, கிழிந்த சாக்குகளுக்கு நடுவே ஒரு சக்கரத்துக்கு மேல் வளைவாக நீட்டிக்கொண்டிருந்த தகரத்தைப் பார்த்தார். வளைவின் விளிம்பில் வரிசையாகத் திருகாணிகள். எவனோ காருக்கு மேலே சாக்லேட் கலர் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அடித்திருந்தான். ஆனால் இதே மாதிரித் திருகாணிகளைக் குவைத்தில் பத்து வருஷம் துணி போட்டுத் துடைத்த கை அவருடையது.

அவர் சாக்குகளை இழுத்துப் போட்டார். முன்பக்கக் கீழ்த்தகட்டில், பெயின்ட்டுக்கு அடியில், எழுத்துகள் புடைத்திருந்தன. முன்னால் போகிறவன் தன் கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரிய வேண்டும் என்று இடவலம் மாற்றி எழுதியது. ஸ்டியரிங் இடதுபக்கம். மீட்டர்களைச் சுற்றிச் சிவப்புத் தகடு. நடுவில் காற்றழுத்தம் காட்டும் தனி மீட்டர், கண்ணாடி உடைந்து, உள்ளே எலிப் புழுக்கை. பானட்டைத் தூக்கினார். இருந்தது. நத்தை ஓடு மாதிரி சுருண்டு, துருப்பிடித்து, குழாயோடு குழாயாக அந்த டர்போ இருந்தது. சேசிஸ் நம்பரை வேட்டி நுனியால் தேய்த்துப் படித்தார். டர்போவுக்கென்று தனியாகப் போட்ட வரிசைதான். போலி இல்லை.

சாக்குகளைத் திரும்ப மேலே இழுத்துப் போட்டார். போய் ஜெனரேட்டர் பக்கத்தில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்க அண்ணன் மெட்ராஸ்ல ஒரு வெளிநாட்டு ஆபீசர்ட்ட வாங்கியாந்தது" என்றார் காசிராஜன், வேலை முடிந்து காபி கொடுக்கும்போது. "அண்ணன் காலமான பொறவு யாரும் தொடல. ஏன் கேக்க?"

இங்கேதான் பீர் மைதீன் எல்லோரும் செய்வதைச் செய்தார். மாடு பிடிக்கப் போகிறவன் மாட்டின் பல்லைக் குறை சொல்லுவான். பஞ்சு வாங்கப் போகிறவன் ஒரு கொத்தைப் பிய்த்து, உதட்டைப் பிதுக்கி, ஈரம் என்பான். பிடித்திருக்கிறது என்று முகத்தில் காட்டினவன் அந்த ஊரில் வியாபாரம் செய்ததில்லை.

"சும்மாதான் கேட்டேன் அண்ணாச்சி. இஞ்சின் செத்துப் போச்சி. உசிரோட இருந்தாலும் பெட்ரோலைக் குடிச்சே ஆளை ஓட்டாண்டி ஆக்கிரும். அந்த இஞ்சினைக் காயலாங்கடையில கூட வேண்டாம்பான். பாடி கெட்டித் தகரம். அதுக்காக வேணா எடுத்துக்கிடுதேன்."

"அம்புட்டு மோசமா?"

"நான் குவைத்துல பாக்காத காரா? இந்த இஞ்சின் ஒரு சனியன் அண்ணாச்சி."

காசிராஜன் தலையாட்டினார். வெற்றிலையில் வைத்து அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் சோழபுரத்து வேலுசாமியின் டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்துப் போகிறேன் என்று பீர் மைதீன் சொன்னபோதுதான் அவர் முகம் மாறியது.

"கயிறு கட்டியா?"

"ஓடாத வண்டியை வேற எப்படி அண்ணாச்சி?"

"எங்க அண்ணன் ஆசையா ஏறின வண்டி. பொணம் மாதிரி கட்டி இழுத்துட்டு எங்க வாசலத் தாண்டக் கூடாது. நீ பத்து நாள் கழிச்சு வா."

பத்து நாளும் பீர் மைதீன் தூங்கவில்லை. வேறு எவனோ மோப்பம் பிடித்துவிட்டான், மதுரையிலிருந்து புரோக்கர் வந்திருக்கிறான், கிழவன் விலையை ஏற்றப்போகிறான். பாக்டரி கேட்டுக்குப் போனால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பட்டறையில் ஸ்பேனர் விழுந்துகொண்டே இருந்தது.

"ஒரு பழைய காருக்கா இந்தப் பாடு?" என்றாள் ஹாஜரா. "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ கூட இப்படித் தவிச்சதா யாரும் சொல்லலியே."

"ஏட்டி, உன்னை எவனும் கிட்டங்கியில பூட்டி வைக்கல."

"வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும். நஷ்டஈடாவது மிஞ்சியிருக்கும்."

சொன்ன நாளில் போனார். கேட் திறந்தே இருந்தது. வாசலில் கார் நின்றது. கழுவி, சந்தனம் வைத்து, மல்லிகைச் சரம் போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். காசிராஜன் சலவை வேட்டியில் நின்றார். டிரைவர் சீட்டில் இருந்தவன் சோலைராஜ். அந்த வட்டாரத்தில் யார் வீட்டு அம்பாசிடர் பெட்ரோல் குடித்தாலும் அதைப் பிடுங்கிப்போட்டு டீசல் இஞ்சின் மாட்டிக் கொடுக்கிறவன்.

பீர் மைதீன் நேரே பானட்டுப் பக்கம் நடந்தார்.

"ஏலே சோலை, ஸ்டார்ட் பண்ணு" என்றார் காசிராஜன்.

தட தட தட தட என்றது. பாக்டரிச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. பின்னாலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. கார் முழுதும் காய்ச்சல்காரன் மாதிரி உதறியது.

"மெட்டடார் வேன் டீசல் இஞ்சின் பாய்" என்றான் சோலைராஜ், தலையை வெளியே நீட்டி. "இனிமே தென்காசிக்குப் போய்ட்டு வந்தாலும் உங்க பாக்கெட் கடிக்காது. உள்ள எடமே இல்ல. வெட்டி ஒட்டி, படாத பாடு பட்டு எறக்கிருக்கேன்."

"பழைய இஞ்சின் எங்க?"

"அந்தச் சனியனா? அன்னைக்கே எடைக்குப் போட்டாச்சு. சீவில்லிபுத்தூர் பக்கீர் முகமது கடையில."

பீர் மைதீன் காசிராஜனைப் பார்த்தார். வாயில் வந்த வார்த்தைகள் தமிழில் பாதி, அரபியில் பாதி. ஒன்றையும் வெளியே விட முடியவில்லை. கிழவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

"யாரைக் கேட்டு அண்ணாச்சி இதைச் செஞ்சீக?"

"யாரைக் கேக்கணும்? நீதானப்பா சொன்ன, செத்துப் போச்சின்னு. எங்க வீட்டுப் பொருளை நம்பி வாங்குத ஆளுக்குச் செத்த இஞ்சினையா குடுத்தனுப்புவேன்? இதுக்கு ஒரு பைசா நீ தரவேண்டாம்."

பீர் மைதீன் ஸ்கூட்டரை உதைத்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை வழியில் குறுக்கே வந்த எல்லாவற்றையும் ஏசினார், லாரியை, ஆட்டை, சைக்கிளில் பால் கொண்டுபோனவனை. சோலைராஜை ஏசினார், குவைத்து முதலாளியை ஏசினார். தன்னை ஏசவேண்டிய இடம் வந்தபோது ஸ்கூட்டரை இன்னும் முறுக்கினார்.

பக்கீர் முகமது ஹாஜராவுக்குத் தூரத்துச் சொந்தம். பழைய இரும்பு நடுவே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார்.

"வாங்க மச்சான். என்ன, மூஞ்சி ரேடியேட்டர் மாதிரி கொதிக்கி?"

"சோலைராஜ் ஒரு இஞ்சின் போட்டானே?"

"போட்டான். நல்ல அலுமினியம் தலை. அதைத் தனியாக் கழட்டி, இரும்பைச் சம்மட்டியால ஒடச்சுப் பிரிச்சோம். ஒடைய மாட்டேன்னுட்டு. ரெண்டு பேரு மாத்தி மாத்தி அடிச்சானுவ. புதன்கிழமை மதுரை லாரியில போயிருச்சு."

"ஒடச்சீகளா?"

"ஒடைக்காம? முழுசா ஏத்தினா எவன் எடுப்பான்?"

பீர் மைதீன் கைகளை விரித்துப் பார்த்தார். கீழே வைக்க ஸ்பேனர் இல்லை.

"நத்தை மாதிரி ஒண்ணு இருந்திருக்குமே. சுருண்டு."

"அதுவா, அது போகல. திருமுக்குளம் பக்கத்து ஆசாரி உலைக்கு ஊதுற காத்தாடின்னு எடுத்துட்டுப் போனான்."

ஆசாரி உலைப் பக்கத்தில் உட்கார்ந்து, டர்போவைக் கட்டையில் அடித்து நிறுத்தி, சைக்கிள் ரிம்மோடு ஒரு வாரை மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தார். காற்று வரவில்லை. பீர் மைதீனைப் பார்த்ததும், "இந்தக் கழுதை சுத்த மாட்டேங்குது பாய்" என்றார். "விசிறி இருக்கு, ஊதுகுழாய் இருக்கு, காத்து மட்டும் இல்ல. எந்தக் கிறுக்கன் செஞ்சானோ."

பீர் மைதீன் டர்போவைக் கட்டையிலிருந்து கழற்றினார். கேட்ட பணத்தைக் கொடுத்தார். சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் இரண்டு காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு திரும்பினார்.

சாயங்காலம் ஆகியும் காசிராஜன் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எலுமிச்சம்பழங்கள் அப்படியே இருந்தன. டிராக்டர் வேண்டாம் என்று பீர் மைதீன் யாரிடமும் சொல்லாததால் வேலுசாமியும் வந்து நின்றிருந்தான்.

"வேண்டாம்னா அட்வான்ஸை வாங்கிட்டுப் போயிரு" என்றார் காசிராஜன். குரலில் சந்தோஷம் இல்லை. பாய் அந்த இஞ்சினைத் தேடித்தான் ஓடினார் என்று சோலைராஜ் சொல்லிப் புரியவைத்திருக்கிறான். "எனக்குத் தெரியாதுப்பா. நல்ல பொருள்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, அதுல ஒரு தூசி எடுத்திருக்க மாட்டேன்."

அதைக் கேட்டதும்தான் பீர் மைதீனுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மீதிப் பணத்தைக் கிழவர் கையில் வைத்தார். காரில் ஏறினார். தட தட தட. பழங்கள் நசுங்கின. கேட்டைத் தாண்டியது கார். காசிராஜன் கும்பிட்டார்.

தாண்டி, புளியமரத்தடியில் நிறுத்திச் சாவியைத் திருகினார். இறங்கிப் பானட்டைத் தூக்கினார். "வேலுசாமி, நம்ம பட்டறைக்குப் போயி இஞ்சின் தூக்குற செயின் பிளாக்கும் முக்காலியும் கொண்டா."

"எதுக்கு பாய்?"

"கொண்டான்னா கொண்டா."

ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்க்க, வண்டிகள் ஒதுங்கிப் போக, பீர் மைதீன் அந்த மெட்டடார் இஞ்சினை ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். கோபம் தலைக்கு மேல் இருந்தது. ஆனால் ஸ்பேனரைக் கீழே வைக்கவில்லை. நன்றாக இருட்டியபோது இஞ்சின் சங்கிலியில் தொங்கியது. அதைக் கேட்டுக்குள் இறக்கிவைத்துவிட்டு, "உங்க இஞ்சின் அண்ணாச்சி. உங்க வாசலை ஓடித்தான் தாண்டிருக்கு" என்றார். அப்புறம் காரைக் கயிற்றில் கட்டி டிராக்டரோடு கோர்த்தார். காசிராஜன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டு ஜெனரேட்டருக்கு வேறு ஆள் போனான்.

தொண்ணூற்றொன்பதிலும் அந்தக் கார் பட்டறையிலேயே நின்றது. சாக்லேட் கலர் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, உள்ளே இருந்த வெள்ளையைக் கொண்டுவந்திருந்தார். பானட்டுக்குள் இஞ்சின் இல்லை. இரண்டு கம்பி வைத்து, அது இருந்த இடத்திலேயே டர்போவை மட்டும் நிறுத்தியிருந்தார். பம்பு கொண்டுவருகிற சம்சாரிகளில் யாராவது கேட்பார்கள், இதைக் குடுப்பீகளா பாய் என்று.

"இது உலகத்துலயே ரெண்டாயிரம் கூட இல்ல" என்பார். "நீரு ஊரை வித்தாலும் வாங்க முடியாது."

கேட்டவர் ஒரு முறை பானட்டைச் சுற்றி வருவார், உள்ளே குனிவார், உதட்டைப் பிதுக்குவார்.

"இஞ்சினே இல்லாத வண்டிக்கு இம்புட்டு ஏத்திச் சொல்லுதீகளே பாய். நியாயமாச் சொல்லும்."

ஸ்பேனர் கீழே விழும்.