பன்னிரண்டு விநாடிப் பதிவு

நம்பாவிட்டால் போங்கள், எனக்கு வருத்தமில்லை. பட்டப்பகலில், மின்விளக்கு எரியும் அறையில் எனக்கு நடந்தது இது. பேய் என்றால் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆளாக இருந்தவன் நான்.

என் பெயர் கிஷாந்தன். ஊர் யாழ்ப்பாணம்; வாயைத் திறந்தாலே பேச்சில் தெரிந்துவிடும். வேலை பதுளையில் ஒரு மருத்துவமனையில், இதயத்தை எக்ஸ்ரே படமெடுக்கும் பிரிவில். டாக்டர் இரத்தக் குழாய்க்குள் நூல் மாதிரி ஒரு கம்பியை விடுவார். அதன் நுனியைக் கணினியே கண்டுபிடித்து, பச்சைப் புள்ளி வைத்துப் பின்தொடரும். அந்த மென்பொருளைச் சோதிப்பதுதான் என் மேற்படிப்புக்கான ஆய்வு. நோயாளி மூச்சு விட்டால் படம் ஆடும், புள்ளி நுனியைத் தவறவிடும். அதனால் மூச்சைப் பிடிக்கச் சொல்வோம்.

மார்ச் மாதம் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து செபஸ்தியம்மா வந்தார். நாற்பது வருடம் விடியற்காலையில் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், வரிசையாக நின்று, கங்காணி கைகாட்டிய மலையில் கொழுந்து பறித்தவர். சொன்ன சொல்லைத் தட்டத் தெரியாதவர். டாக்டருக்கு ஐந்து விநாடி போதும். என் ஆய்வுக்குப் பன்னிரண்டு வேண்டியிருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

"மூச்சைப் பிடியுங்கோ அம்மா" என்றேன். பிடித்தார். பதிவு முடிந்தது. புள்ளி நுனியை விட்டு இம்மியும் விலகவில்லை. அந்தப் பூரிப்பில், மூச்சை விடச் சொல்ல மறந்துவிட்டேன்.

முகம் கறுத்து, என்னையே பார்த்தபடி கிடந்தார். கடைசியில் முனகினார்.

"மூச்ச விடலாமாங்க ஐயா?"

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏப்ரல் 9. பிற்பகல் 2.20. ஜன்னலுக்கு வெளியே மூடுபனி. தனியே இருந்து அவருடைய பதிவை மென்பொருளில் ஓடவிட்டேன். ஒலியே இல்லாத பதிவு அது.

10… 11… 12…

நிற்கவில்லை. 13. 14. எண் ஏறிக்கொண்டே போனது. மூச்சின் அசைவு இல்லை. துடிப்பு மட்டும்.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன்.

58… 59…

மின்கம்பியைப் பிடுங்கினேன். திரை அணையவில்லை. துடிப்பு வேகமானது.

117… 118…

என் காதுக்குப் பின்னால்…

"மூச்ச விடலாமாங்க ஐயா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"விடுங்கோ அம்மா… விடுங்கோ…"

ஹாஆஆ…

நீண்ட பெருமூச்சு. திரை இருண்டது.

மணி 2.22.

இரண்டு வாரம் கழித்து, அறிக்கை வாங்க அவர் மகள் ஜெசீகா வந்தார்.

"அம்மா ஒம்பதாம் தேதி செத்துப் போச்சுங்க ஐயா. பகல் ரெண்டேகால் தாண்டியிருக்கும். மூச்ச அடக்கிக்கிட்டே கெடந்துச்சு. விடும்மா, விடும்மான்னு நாங்க கத்துனோம். கேக்கல."

அறிக்கையை நீட்டினேன்.

"அப்புறம் எங்க லயத்து வீட்டுக்குள்ள ஒரு ஆம்பளக் கொரல்… எங்க எல்லாருக்கும் கேட்டுச்சுங்க. 'விடுங்கோ அம்மா'ன்னு. ஒடனே விட்டுச்சு. அதோட சரி."

கண்ணைத் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"நம்ம தோட்டத்துல யாரும் அப்புடிப் பேச மாட்டாங்க… ஐயா, நீங்க எந்த ஊருங்க?"

பதில் சொன்னால், அந்தக் குரலை அவர் அடையாளம் கண்டுவிடுவார்.