உள்ள நிறத்தில் ஒரு படம்

சிதம்பரம் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் அந்த ஃப்ளெக்ஸ் கடையில் கார்த்திகேசனின் கை படாத முகம் கிடையாது. காதுகுத்து, மஞ்சள் நீர், கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கடைசியில் கண்ணீர் அஞ்சலி. ஊரில் ஒரு மனுஷன் எத்தனை முறை சுவரில் ஏறுவானோ அத்தனை முறையும் கம்ப்யூட்டரில் அவனை அலங்காரம் பண்ணி அனுப்புவது கார்த்திகேசன்தான். ஆனால் அவன் பெயர் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை. ஃப்ளெக்ஸின் அடியில் பொடி எழுத்தில் வருவது முதலாளி சுப்பராயலுவின் பெயரும் அவருடைய போன் நம்பரும். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததா என்றால், நிறையவே இருந்தது. வாயைத் திறந்து சொன்னானா என்றால், அதுதான் இல்லை.

கடைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த முகம் வந்தாலும் முதல் வேலையாக அதை வெளுப்பாக்கிவிட வேண்டும். யாரும் கேட்கத் தேவையில்லை, இலை போட்டதும் தண்ணீர் வைப்பது மாதிரி அது ஒரு மரியாதை. "கொஞ்சம் கலர் ஏத்திடுப்பா, பாவம்" என்பார் சுப்பராயலு. வெயிலில் காய்ந்த விவசாயியெல்லாம் ஃப்ளெக்ஸில் ரோஸ் நிறத்தில் நிற்பார்கள். வீட்டுக்காரர்களும் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகப் போவார்கள்.

தன் கல்யாண ஃப்ளெக்ஸையும் கார்த்திகேசன் தானேதான் செய்தான். பழக்க தோஷம், பெண்ணின் முகத்துக்கும் கலர் ஏற்றிவிட்டான். ஏற்றினோம் என்கிற நினைப்புகூட அவனுக்கு இல்லை. தாலி கட்டி முடிந்து, கழுத்தில் மாலையோடு மண்டப வாசலுக்கு வந்த கனிமொழி அண்ணாந்து பார்த்தாள்.

"மாமா, உங்க பக்கத்துல நிக்கிறது யாரு?"

ஏதோ ஜோக் அடிக்கிறாள் என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

கனிமொழி நல்ல கறுப்பு. கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். புடவை மடிப்பை ஒரே உதறலில் விரித்துக் காட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் கீழே பட்டு செக்‌ஷனில் அவளை நிறுத்தவே மாட்டார்கள். மாடியில் நைட்டியும் உள்பாவாடையும் விற்கிற மூலைதான் அவளுக்கு. காரணத்தை யாரும் சொன்னதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன? "அன்னிக்கு மண்டபத்து வாசல்ல அந்த மூஞ்சியப் பாத்ததும், கடை என் பின்னாடியே கல்யாணத்துக்கும் வந்துட்ட மாதிரி இருந்துச்சு மாமா" என்று பின்னால் ஒருநாள் சொன்னாள். அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. கல்யாண ஆல்பம் மட்டும் பீரோவுக்கு மேலேயே கிடந்தது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தார்கள். பிள்ளை இல்லை. அவன் தினமும் பஸ் பிடித்து சிதம்பரம் போய் வருவான். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு போன்தான் துணை. அதில் யாரோ ஒருவர், தொழில் செய்கிறவன் தன் பெயரைத் தானே வெளியே கொண்டுவர வேண்டும், முகத்தைக் காட்ட வேண்டும், வாரம் தவறாமல் தன் வேலையைப் போட வேண்டும் என்று வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். கனிமொழி அதை விடாமல் கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை, புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இருக்கிற கைக்கு, பேர் மட்டும் யாருக்கும் தெரியல. பர்சனல் பிராண்டுன்னா ஒண்ணுமில்ல மாமா. கார்த்திகேசன்னு சொன்னா, ஆங், அந்தாளு இப்பிடித்தான் செய்வாருன்னு நாலு பேரு சொல்லணும். அவ்ளோதான்."

"எப்பிடிச் செய்வாருன்னு?"

"மூஞ்சிய மாத்த மாட்டாருன்னு."

பட்டென்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். எத்தனை வருஷம் கழித்து வந்து விழுந்தாலும் சில பேச்சு சுருக்கென்று தைக்கத்தான் செய்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனார்கள். சாயங்கால வெளிச்சத்தில் அவளை நிற்க வைத்து அவன் படம் எடுத்தான். காற்றில் முந்தானை பறக்க, எதையோ சொல்ல வாயெடுத்துச் சிரிக்கிற முகம். அதில் அவன் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்தான். நிறத்தின் பக்கமே போகவில்லை. கீழே எழுதினான்: "முகத்தை மாற்ற மாட்டேன். உள்ளதை உள்ள நிறத்தில் தருவேன். கார்த்திகேசன், டிசைனர்." கனிமொழி அதை வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுதான் நான்" என்றாள். அவள் கண் கலங்கியதை அவன் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

இன்ஸ்டாவில் அவன் பெயரில் அவளே ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். ஒரு படமும் இல்லாத அந்தப் பக்கத்தைத் தன் போனில் எடுத்து, மேலே இருந்த அறிவிப்பு மணியையும் அமுக்கி வைத்தாள்.

"நீங்க போட்ட அடுத்த நிமிஷம் என் போன் கத்தும். மொத லைக்கு நான்தான் போடுவேன். வேற யாராச்சும் முந்தினாங்க, அவ்ளோதான்."

படத்தைப் போடுவது என்றால் ஒரே ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை. அதைத்தான் கார்த்திகேசனால் செய்ய முடியவில்லை.

பயம்தான். வேறென்ன? ஆனால் அந்தப் பயத்துக்கும் ஒரு வேர் இருந்தது. கடைக்கு வருகிற ஒவ்வொரு முகத்தையும் திரையில் பெரிசாக்கி வைத்துக்கொண்டு, "பல்லைப் பாரு," "இந்த மூக்குக்கே தனியா ஒரு ஃப்ளெக்ஸ் போடணும்" என்று சிரித்து மகிழ்ந்த கூட்டத்தில் அவனும் ஒருவன். ஊர் எப்படிச் சிரிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. இப்போது தன் பெயரையும் பெண்டாட்டி முகத்தையும் அதே ஊரின் கையில் கொடுக்க வேண்டும். "இதுல என்ன டிசைன் பண்ணியிருக்கான்?" என்று ஒருவன் கேட்பான். "மொதலாளிக்குத் தெரியாம தனிக்கடை போடுறான் பாரு" என்று இன்னொருவன் சொல்வான். கறுப்பு என்று எவனாவது ஒரு வார்த்தை எழுதிவிட்டால் கனிமொழி அதைப் படிப்பாளே.

கடலூரில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுப்பான். படம் தயாராக இருக்கும். கட்டைவிரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோவான். ஆலப்பாக்கம் வரும். எழுத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளலாமோ என்று தோன்றும், தள்ளுவான். முட்லூர் வரும். பழையபடி இருந்ததே தேவலாம் என்று தோன்றும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "எறங்கு எறங்கு" என்று கத்தும்போது போன் பையில் இருக்கும். இப்படியே சித்திரை போய், ஆடி போய், தீபாவளியும் போனது. நல்ல நாள் பார்த்துப் போடலாம் என்றான். கடையில் வேலை ஜாஸ்தி என்றான். எல்லாவற்றுக்கும் கனிமொழி தலையாட்டினாள். ஆனால் சாயங்காலம் அவன் வீடு திரும்பினதும் "என் போன் இன்னிக்கும் கத்தலியே மாமா" என்று ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மாட்டாள். அது அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. அவனும் சிரித்து மழுப்பிவிடுவான்.

கார்த்திகையில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் தண்ணீர். கனிமொழிக்கு ஜுரம் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து நிற்க முடியாமல் விழுந்தபோதுதான் டெங்கு என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர்கள் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தார்கள். ஒருநாள் தேறினாற்போல இருந்தது. எழுந்து சாய்ந்து உட்கார்ந்து, ரெண்டு வாய் கஞ்சி குடித்தாள். தலைமாட்டில் கிடந்த போனைத் தடவினாள்.

"போட்டீங்களா மாமா?"

"நீ வீட்டுக்கு வா கனி. ரெண்டு பேருமா உக்காந்து போடலாம்."

"இப்பவே போடுங்களேன். நானும் இங்க சும்மாதான் படுத்துக் கெடக்குறேன்."

அவன் போனை எடுத்தான். படத்தைத் திறந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இப்படிப் படுத்திருக்கிறவள் முகத்தைப் போட்டால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்று அப்போதும் ஓர் எண்ணம் ஓடியது. எங்கிருந்துதான் வருமோ இந்த நினைப்பெல்லாம்! "இங்க சிக்னல் இல்ல" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் என்று அவளுக்குத் தெரியும். "சரி விடுங்க" என்று அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். மறுநாள் அவள் இல்லை.

வீட்டு வாசலில் பந்தல் போட்டு, பறை வந்து, அண்ணாகிராமத்திலிருந்து சொந்தபந்தமெல்லாம் வந்து, கெடிலத்துக் கரையில் எரித்துவிட்டு வந்தார்கள். கார்த்திகேசன் அழவில்லை. சொன்னதைச் செய்தான். கொள்ளி வை என்றால் வைத்தான், திரும்பிப் பார்க்காதே என்றால் பார்க்காமல் வந்தான். தெருமுனைக்கு வந்தபோதுதான் கரண்ட் கம்பத்தில் ஒட்டியிருந்ததைக் கண்டான்.

கண்ணீர் அஞ்சலி. ரெண்டு பக்கமும் விளக்கு, மேலே ரோஜாப்பூ. நடுவில் கன்னம் சிவந்த, ரோஸ் நிறத்துப் பெண் ஒருத்தி. கீழே கனிமொழி என்று பெயர்.

பக்கத்தில் வந்த சுப்பராயலு அவன் தோளில் கை வைத்தார். சேதி கேட்டதுமே கடையைத் திறந்து, தானே உட்கார்ந்து செய்து, ஆளை விட்டுத் தெரு முழுக்க ஒட்டச் சொன்னவர் அவர். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"காசு கீசுன்னு பேசிடாதப்பா. அது நம்ம வீட்டுப் பொண்ணு. அவசரத்துக்குப் போட்டோ எதுவும் கெடைக்கல. கம்ப்யூட்டர்ல உன் கல்யாண ஃபைல் இருந்துச்சு. அதுலேருந்து எடுத்துட்டேன்."

கார்த்திகேசன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏம்ப்பா, நல்லா இல்லியா?"

"நல்லா இருக்குது மொதலாளி" என்றான். "அது நான் பண்ணதுதான்."

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்ததும் சொந்தக்காரர்கள் பக்கத்து மண்டபத்தில் ஏற்பாடு செய்திருந்த சாப்பாட்டுக்குப் போனார்கள். வீட்டில் அவன் மட்டும் இருந்தான். ஆஸ்பத்திரியில் கொடுத்த பை ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அதிலிருந்த கனிமொழியின் போனை அவள் அம்மாதான் எடுத்து, "கூட வேலை பாக்குறவங்க கூப்புடுவாங்க" என்று அங்கேயே சார்ஜில் போட்டிருந்தாள். ஜன்னலுக்குக் கீழே இருந்த கம்பத்திலும் அதே போஸ்டர் தெரிந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "சின்ன வயசு போல இருக்குது. நல்லா செவப்பா, லட்சணமா இருந்திருக்கு பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அது அவனை உலுக்கிவிட்டது. இனி இந்த ஊரில் கனிமொழி என்று நினைக்கப்போவது இவளைத்தான். உயிரோடு இருந்தவரை அவளை மாடி மூலையில் நிறுத்தினார்கள். செத்த பிறகு அவளை அழித்துவிட்டு வேறு ஒருத்தியை நிறுத்தியாயிற்று. செய்தது அவன் கை.

போனை எடுத்தான். தேவனாம்பட்டினத்துப் படத்தைத் திறந்தான். நம்பினால் நம்புங்கள், அப்போதும் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது. அவளுக்காகக்கூட அந்தப் பயம் விலகி வழிவிடவில்லை. ஆனால் இந்த முறை பயத்தோடேயே அமுக்கினான். எழுத்தைத் தள்ளவில்லை, ஒன்றையும் மாற்றவில்லை.

ஃப்ரிட்ஜ் மேலிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தான். கனிமொழியின் போன் வெளிச்சமாகி, அவன் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. கார்த்திகேசன் புதிதாக ஒரு படம் போட்டிருக்கிறான், வந்து பார் என்றது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைய, ஓவென்று அழுதான். சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் படியேறும்போதே கேட்டுவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அவள் போனைத் திறக்க அவனுக்குத் தெரியும். அவளுக்குப் பதிலாக அந்த லைக்கை அவனே போட்டிருக்கலாம். அது திருட்டு மாதிரி இருந்தது. போடவில்லை.

பயந்தபடி யாரும் ஒன்றும் சிரிக்கவில்லை. துணிக்கடைப் பெண்கள் வந்து அழுகிற முகங்களைப் போட்டார்கள். பட்டு செக்‌ஷனில் நிற்கும் அனுப்பிரியா, "இதுதான் எங்க கனி அக்கா" என்று எழுதினாள். சில நாள் கழித்து பண்ருட்டியிலிருந்து பலாப்பழ வியாபாரி தமிழ்மணி என்பவர் கூப்பிட்டார். அவருடைய அம்மா தவறிவிட்டாளாம். "தம்பி, அந்தப் பொண்ணு படம் பாத்தேன். எங்கம்மா வெயில்ல நின்னு நின்னு கறுத்தவ. எங்கம்மாவ எங்கம்மாவாவே போட்டுக் குடுங்க" என்றார். அந்தப் போஸ்டரின் அடியில் முதல்முறையாகக் கார்த்திகேசனின் பெயர் வந்தது. அதைப் பார்த்த சுப்பராயலு கோபித்துக்கொள்ளவில்லை. இனி கடைக்கு வருகிற முகத்துக்குக் கலர் ஏற்ற வேண்டுமா என்று அவனிடமே கேட்டார்.

இப்போது அவனைத் தேடி ஆள் வருகிறது. "மூஞ்சிய மாத்த மாட்டாரே, அவுருதானே?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். அவள் சொன்ன அதே வார்த்தை. வாரம் ஒரு படம் போடுகிறான். கனிமொழியின் நம்பருக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்கிறான். போன் ஃப்ரிட்ஜ் மேல் சார்ஜிலேயே இருக்கிறது.

ஒருமுறை மட்டும் பஸ்ஸில் போகும்போது, ஆலப்பாக்கம் தாண்டியதும், கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு படத்தைப் போட்டுவிட்டான். பயமே வரவில்லை. அடடா என்று நிமிர்ந்து உட்கார்ந்தவனுக்கு அப்புறம்தான் உறைத்தது, பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குள் அவள் போன் இந்நேரம் கத்தியிருக்கும் என்று. அன்றிலிருந்து வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் போடுகிறான்.