இடுப்பெலும்பில் ஒரு கிள்ளு

பத்து வயதுக்குள் என் வலக்கை இரண்டு முறை ஒடிந்தது. முதல் முறை, கொய்யாக்காய்க்குக் கல்லெறிந்தபோது. கல் மரத்தைத் தொடவில்லை. தோளுக்குக் கீழே எலும்புதான் மளுக்கென்றது. "பொட்டப்புள்ளைக்குக் கல்லெறியற வேலை எதுக்குங்க?" என்று எங்கள் மலையூர் வாழவந்தியே கூடி அம்மாவைக் கேட்டது. ஒரு கல்லெறிந்ததற்கு எலும்பு ஏன் ஒடிய வேண்டும் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார்கள். கூடிவிட்டது.

மறு வருடம் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் கம்பியைப் பிடித்து பஸ் ஏறும்போது, அதே இடத்தில் மறுபடி ஒடிந்தது. இந்த முறை அம்மா நேராகச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள்.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்புக்குள்ள நீர்க்கட்டி. கெட்ட கட்டி இல்லம்மா. முறிவு கூடினதும் கட்டியச் சுரண்டி எடுத்துட்டு, இடுப்பெலும்புல கொஞ்சம் எடுத்துக் குழிய அடைக்கணும். விட்டா திரும்பத் திரும்ப ஒடியும்."

எங்கள் குடும்பத்தில் பெரியப்பா தலையாட்டாமல் விதை கூட மண்ணில் விழாது. ஆபரேஷன் நாளன்று அவர் நாலு பங்காளிகளோடு மலையிறங்கி வந்தார்.

"இடுப்பெலும்பக் கிள்ளிட்டா நாளைக்கு எப்படிப் புள்ள பெப்பா? எவன் கட்டுவான்?"

அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கேட்டால்தானே! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவாடை சட்டையில் கட்டிலில் கிடக்கிறேன்; என் பிரசவத்துக்குப் பஞ்சாயத்து நடக்கிறது. கை வலிக்கிறதா என்று ஒரு வாய் கேட்கவில்லை.

பெரியப்பாவுக்கு எதிரே அம்மா நின்றுகூடப் பேசியதில்லை. அன்று பேசினாள்.

"ஏனுங்க மாமா, மொதல்ல அவ தலைய அவளே சீவட்டும். புள்ள பெக்கறத அப்பறம் பாத்துக்கலாமுங்க."

கட்டிலோரம் நின்ற அப்பா தரையைப் பார்த்தபடியே, "பண்ணிருங்க டாக்டர்" என்றார். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

கையைவிட இடுப்புதான் நொம்ப நாள் வலித்தது. ஆனால் மறு வருடம் என் தலையை நானே சீவினேன். வகிடு கோணல், அதனால் என்ன? அப்புறமும் விசேஷ வீடுகளில் பெண்கள் என் நடையைத்தான் பார்த்தார்கள். கையைப் பற்றி யாரும் விசாரித்ததில்லை.

எனக்குக் கல்யாணமாகி, சுகப்பிரசவத்தில் மகள் பிறந்தாள். பெரியப்பா வந்தார். துணியை விலக்கிக் குழந்தையைப் பார்த்தார்.

"பொட்டப்புள்ளையா? அன்னிக்கே சொன்னனே, அந்த எலும்பத் தொடாதீங்கன்னு."

மகளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டேன். வலக்கையைத் தோளுக்கு மேல் நன்றாக நீட்டி அவருக்கு வாசலைக் காட்டினேன்.