தண்ணீர் விட்ட பாத்தியில் கறுத்த கோடு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். பரளச்சிப் பக்கம் ஒரு கரிசல் காட்டில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொன்னால் மானம் போகும் என்றுதான் மறைத்து வைத்திருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அப்போது மதுரையில் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தேன். செடிகளின் தாகம்தான் என் பாடம். தண்ணீர் குறைந்தால் செடி சும்மா வாடிக்கொண்டு நிற்காது. தன் செல்களைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வகைப் புரதத்தைச் செய்யத் தொடங்கும். டீஹைட்ரின் என்று அதற்குப் பெயர். மக்காச்சோளம், பார்லி, பட்டாணி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத செடிகளில் இருக்கும் இந்தப் புரதங்களின் வரிசைகளைத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒத்துப்போகும் இடங்களுக்குச் சிவப்புப் பென்சில் தீட்டினேன். மற்ற இடங்களெல்லாம் தாறுமாறாக இருக்க, பதினைந்து அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு மட்டும் எல்லாச் செடியிலும் ஏறக்குறைய மாறாமல் வந்தது. சிலவற்றில் இரண்டு மூன்று தடவைகூட வந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் துண்டை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை என் பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். இலையை அரைத்துச் சோதித்தால், தாகப்பட்ட செடி என்றால் கறுப்பாகக் கோடு விழும். தண்ணீர் குடித்த செடி என்றால் கோடு இருக்காது. எங்கள் ஊர்க் கம்பிலும் இது உண்டா என்று பார்ப்பதுதான் என் வேலை.

மழை குறுக்கே வராத மாதமாக வேண்டும் என்பதால் பங்குனியில் விதைத்தேன். அருப்புக்கோட்டையில் எங்கள் சபைக்கு ஞாயிறுதோறும் பஸ்ஸில் வரும் ஒரு அக்காதான் பரளச்சிப் பக்கத்தில் இருந்த தன் காட்டில் இடம் கொடுத்தார். மோட்டார் வைத்த கிணறும் அங்கே இருந்ததால் தண்ணீரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கட்டில் அகலத்தில் இரண்டு பாத்தி. ஒன்றுக்கு இரண்டாம் வாரத்தோடு தண்ணீரை நிறுத்த வேண்டும். மற்றதற்குத் தினமும் விட வேண்டும். விட்டதும் டிக் அடிக்கக் கட்டம் போட்ட தாள் ஒன்றையும் கொடுத்தேன். போகிற போக்கில் ஒரு வார்த்தை வேறு சொல்லி வைத்தேன்: "இந்தப் பாத்தி காஞ்சா என் படிப்பே போச்சுக்கா."

சனிக்கிழமை காலையில் போவேன். பாத்தி ஈரமாக இருக்கும். தாளில் டிக் ஒன்றுகூட விட்டுப் போயிருக்காது. இலையை வெட்டி ஐஸ் போட்ட பிளாஸ்கில் அடைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். அக்கா நாலு வாரமாகச் சபைக்கு வரவில்லை என்று அம்மா ஒருநாள் சொன்னார். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறு வார இலைகளையும் சேர்த்துச் சோதித்தபோது தலை சுற்றியது. காயவிட்ட பாத்தியில் கோடு சரியாக விழுந்திருந்தது. தண்ணீர் விட்ட பாத்தியில் முதல் இரண்டு வாரம் சுத்தமாக ஒன்றும் இல்லை. மூன்றாம் வாரத்திலிருந்து அங்கேயும் கோடு. வாரத்துக்கு வாரம் கறுத்துக்கொண்டே போனது. திரும்பவும் செய்து பார்த்தேன். அதேதான். தண்ணீர் விடாமலேயே டிக் அடித்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்குத் தலைக்கு மேலேயே ஏறிவிட்டது.

புதன்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் உச்சி வெயிலில் போய் இறங்கினேன். அக்கா வீட்டு வாசலில் இருந்தார்.

"வா தங்கச்சி. என்ன இந்த வெயில்ல வந்திருக்க?" என்று எழுந்தவர், உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். மடமடவென்று ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்த கையோடு ஆரம்பித்துவிட்டேன்.

"தண்ணி விடாமலே டிக் அடிச்சிருக்கீங்களே, எதுக்குக்கா? நீங்க மறைச்சாலும் செடி மறைக்காது. அது சொல்லிருச்சு."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. "தெனமும் ஊத்துனேனே. பத்தலையோ?" என்றார்.

"மோட்டாரப் போட்டு விட்டா எப்படிப் பத்தாமப் போகும்?"

மோட்டாரைப் பார்த்துவிடுவோம் என்று நான் விறுவிறுவென்று கிணற்றுக்கு நடந்தேன். என் பாத்தியிலிருந்து நாற்பது அடிகூட இருக்காது, கருவேல மறைவில் இருந்தது. ஆறு வாரத்தில் ஒரு தடவைகூட நான் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. பார்த்தேன். அடியில் சேறுகூட இல்லை. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

அக்கா பின்னாலேயே வந்திருந்தார். "மூணாம் வாரமே வத்திப் போச்சு. லாரித் தண்ணிதான். ஒரு நா விட்டு ஒரு நா வரும், வீட்டுக்கு நாலு கொடம். அதுல ஒரு கொடத்த ஒன் பாத்திக்குன்னு எடுத்து வச்சேன். ஒவ்வொரு தூருலயும் டம்ளர்ல ஊத்துனேன். எங்க வீட்டுக்காரவுக மில்லுலயே குளிச்சுட்டு வந்துர்றாக, செரமம் ஒண்ணுமில்ல. லாரிக்கு நிக்கிறதுலதான் ஞாயித்துக்கெழம சபைக்கு வர முடியல."

அப்போதுதான் அவர் உதட்டைப் பார்த்தேன். வெடித்து, ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. வாராவாரம் அந்த முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கிறேன். இலையைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமேக்கா."

"நீதான தங்கச்சி சொன்ன, இது காஞ்சா ஒன் படிப்பே போச்சுன்னு. ஒரு பொம்பளப் புள்ள இம்புட்டுத் தூரம் படிக்கிற. என்னால கெட்டுச்சுன்னு இருக்கக் கூடாதுல்ல."

நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு அக்கா வீட்டுக்குத் திரும்பியதும் மூலையில் இருந்த குடங்களைப் பார்த்தேன். மூன்று கவிழ்ந்து கிடந்தன. நாலாவது பாதிக்கும் கீழே. அடுத்த லாரி மறுநாள்தான். அதிலிருந்துதான் ஒரு முழுச் சொம்பை எனக்கு மொண்டு கொடுத்திருக்கிறார். அதைக் குடித்துவிட்டுத்தான் அவரைப் பொய்க்காரி ஆக்கினேன்.

"இனிமே ஊத்தாதீங்கக்கா" என்றேன். "அப்ப படிப்பு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒரு வருடம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று முடிவு செய்து, மறு வருடம் பல்கலைக்கழகத்திலேயே தொட்டியில் வளர்த்துப் படிப்பை முடித்தேன். பட்டம் வாங்கிய கையோடு அக்காவைப் பார்க்கப் போனேன். அந்த வருடம் மழை இருந்தது. "பாஸாயிட்டியா?" என்று கேட்டுவிட்டு, முதலில் சொம்பைத்தான் எடுத்தார்.

எந்த வாரம் அந்தக் கிணறு வற்றியது என்பதைக் கம்பு இலை எனக்குச் சரியாகத்தான் சொல்லியிருந்தது, நான்தான் அதை அக்காவின் பொய் என்று படித்தேன். இத்தனை வருடம் கழித்தும் யார் வீட்டில் சொம்பை நீட்டினாலும், என் கண் முதலில் அவர்கள் வீட்டுக் குடத்தைத் தேடிவிட்டுத்தான் சொம்புக்கு வருகிறது.